குரோ லைட்டுக்கு கீழ தண்ணி ஜாஸ்தியாகி, உரமும் சுட்ட நாத்தை தேத்துறது எப்படி

வீட்டுக்குள்ள குரோ லைட், அதாவது செடி வளர்க்குற விளக்குக்கு கீழ விதை போட்டு நல்லா முளைச்சு வந்த தக்காளி, மிளகாய், கத்திரி நாத்து, முதல் ரெட்டை விதை இலைக்கு அப்புறம் ரெண்டு மூணு நிஜ இலை விட்ட சமயத்துல திடீர்னு தொங்க ஆரம்பிக்கும். இலை நுனி பழுப்பாகும், கீழ் இலை மஞ்சளாகும், புது இலை சுருங்கி வரும். இதைப் பார்த்ததும் வாடிடுச்சேன்னு சிலர் இன்னும் தண்ணி ஊத்துவாங்க, மஞ்சளா இருக்கே சத்து பத்தலைன்னு சிலர் உரம் கொடுப்பாங்க. அந்த நேரத்துல ரெண்டுமே வேண்டாம். லைட்டுக்கு கீழ சின்ன கப்புல வளர்ற நாத்துக்கு சத்து பத்தாம போறது ரொம்ப கம்மி, அக்கறையில அடிக்கடி தண்ணி ஊத்தி, கூடவே உரமும் கலந்து ஊத்தி, ரெண்டும் சேர்ந்து ஜாஸ்தியாகுறதுதான் அதிகம்.

இதுல சிக்கல் என்னன்னா, ரெண்டு பிரச்சினைக்கும் தனித்தனியா சொல்ற வைத்தியம் ஒண்ணுக்கொண்ணு எதிரானது. தண்ணி ஜாஸ்தின்னா காய விடுங்கன்னு சொல்வாங்க, ஆனா கப்புல நிரப்பின வளர்ப்புக் கலவை காயக் காய, உரத்துலேர்ந்து வந்து உள்ள தங்கியிருக்குற உப்பு கெட்டியாகிட்டே போகும், பாதி கருகின நுனி முழுசா கருகும். உரம் சுட்டுச்சுன்னா தண்ணி விட்டு அலசுங்கன்னு சொல்வாங்க, ஆனா ஏற்கனவே காத்து இல்லாம மூச்சு முட்டிட்டு இருக்குற வேர் மேல இன்னும் தண்ணி ஊத்தினா அது அழுகிடும். அதனால எது முன்னாடி, எது பின்னாடின்னு பார்த்து முடிவு பண்ணனும். அதை முடிவு பண்றது இலை இல்ல, வேர்.

முதல்ல கப்பை கையில எடுங்க

எந்த மீட்டரும் வேண்டாம், முதல்ல எடை. அதே சைஸ் கப்புல அதே கலவையை லேசான ஈரத்தோட நிரப்பி, செடி வைக்காம ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோங்க. ஒரு கையில அது, இன்னொரு கையில நாத்து இருக்குற கப்பு. வித்தியாசம் உடனே தெரிஞ்சிடும். செடி தொங்குது, ஆனா கப்பு கனமா இருக்குன்னா அது தாகம் கிடையாது. தாகத்துல தொங்குற இலை மெலிசா, துணி மாதிரி துவண்டு இருக்கும், தண்ணி ஊத்தின கொஞ்ச நேரத்துல நிமிர்ந்துடும். தண்ணி ஜாஸ்தியாகி தொங்குற இலையைத் தொட்டுப் பாருங்க, தடிமனா விறைப்பாதான் இருக்கும், ஆனா காம்பு கீழ்ப் பக்கமா வளைஞ்சு இலை முழுக்க தரையைப் பார்க்கும். தக்காளியில இது ரொம்ப தெளிவா தெரியும். வேருக்கு ஆக்சிஜன் இல்லைன்னா அங்கேர்ந்து ஒரு பொருள் மேல ஏறிப் போய் இலைப் பக்கம் எத்திலீன் வாயுவா மாறுது, அந்த எத்திலீன்தான் காம்பை கீழ வளைக்குது. இந்தக் கட்டத்துல இது வாடுறது இல்ல, அதனால தண்ணி ஊத்தினா நிமிராது.

அடுத்தது வேர். பலர் இதைச் செய்ய பயப்படுவாங்க, ஆனா இதைப் பார்க்காம எடுக்குற எந்த முடிவும் குருட்டு முடிவுதான். தண்டு ரெண்டு விரலுக்கு நடுவுல வர்ற மாதிரி உள்ளங்கையை கப்பு வாய் மேல வச்சு, கப்பைத் தலைகீழா சாய்ச்சு அடியில லேசா தட்டுங்க, மண்ணு கட்டியா வெளிய வரும். தண்டை அழுத்திப் பிடிக்காதீங்க, நாத்து தண்டு நசுங்கினா அதோட முடிஞ்சது. வெள்ளையா, நுனி வரைக்கும் கெட்டியா வேர் தெரிஞ்சா நல்ல சேதி. பழுப்பா, கொழகொழன்னு, மோந்து பார்த்தா சாக்கடை வாடை அடிச்சா வேர் அழுக ஆரம்பிச்சிடுச்சு. சந்தேகமா இருந்தா ஒரு வேரை ரெண்டு விரலால பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க. அழுகின வேர்ல மேல் தோல் உறை மாதிரி வழுக்கி கையோட வந்துடும், உள்ள மெல்லிசா நூல் மாதிரி ஒண்ணு மட்டும் மிஞ்சி நிக்கும். பித்தியம்ங்கிற, பூஞ்சான் மாதிரியான வேர் அழுகல் கிருமியோட வேலை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு விஷயம், கோகோபீட்ல (தேங்காய் நார்த் தூள்) இருக்குற வேர் கலவையோட சாயம் ஏறி லேசா பழுப்பாவே தெரியும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க, கெட்டியா இருக்கா வழுக்குதாங்கிறதுதான் கணக்கு.

மூணாவது உப்பு. கலவை மேல, கப்பு விளிம்புல, அடி ஓட்டைக்கு பக்கத்துல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க. காலையில லைட் போடுறப்ப இலை ஓரத்துல சின்னச் சின்ன தண்ணி முத்து நிக்கும், அது நாத்துக்கு சகஜம், ஆனா அந்த முத்து காஞ்ச இடத்துல வெள்ளைப் புள்ளி விழுந்தா, செடி உள்ள உப்பு ஜாஸ்தின்னு அதுவே சொல்லுது. உரம் சுட்ட இலை முதல்ல நுனியில மட்டும் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி மொறுமொறுன்னு ஆகும், அப்படியே ஓரம் வழியா உள்ள வரும். மத்த பாகம் கரும்பச்சையா, கொஞ்சம் பளபளப்பா, நுனி நகம் மாதிரி கீழ வளைஞ்சு இருந்தா நைட்ரஜன் ஜாஸ்தி.

மேல் இலை மட்டும், அதுவும் லைட்டுக்கு நேர் கீழ இருக்குற பாகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தா அது உரமோ தண்ணியோ இல்ல, லைட் ரொம்ப கிட்ட இருக்கு. லைட்டை ஏத்திட்டு ரெண்டு நாள் பாருங்க, அவ்வளவுதான்.

ஒரு கப்புக்குள்ள என்ன நடக்குது

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சினை வரவே வராது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

வேரும் மூச்சு விடுது, அதுக்கு ஆக்சிஜன் வேணும். ஆக்சிஜன் காத்துல பரவுற வேகத்தோட ஒப்பிட்டா தண்ணிக்குள்ள சுமார் 10,000 மடங்கு மெதுவாத்தான் பரவும். கலவையில இருக்குற சந்து பொந்தெல்லாம் தண்ணி நிரம்பிட்டா, வேர் இருந்த ஆக்சிஜனை சீக்கிரம் தீர்த்துடும், புதுசா உள்ள வர வழி இருக்காது. ஆக்சிஜன் இல்லாத வேர் தண்ணியையும் சரியா இழுக்காது, சத்தையும் இழுக்காது. அதனாலதான் முத்திப் போனா தண்ணிக்குள்ள உக்காந்துக்கிட்டே செடி நிஜமாவே வாடுது, உரத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டே புது இலை மஞ்சளா வருது. அந்த மஞ்சளைப் பார்த்து இரும்புச் சத்து, கால்சியம், மெக்னீசியம்னு வாங்கி ஊத்தினா உப்புதான் ஏறும், வேர் மறுபடி மூச்சு விடாத வரைக்கும் எதுவும் உள்ள போகாது.

அடி ஓட்டை வழியா சொட்டுறது நின்ன பிறகும் கப்போட அடியில ஒரு உயரத்துக்கு தண்ணி தேங்கியே நிக்கும். அந்த உயரம் கலவையோட தன்மையைப் பொறுத்தது, கப்பு உயரத்தைப் பொறுத்தது இல்ல. அதே கலவையை உயரமான தொட்டியில போட்டாலும் சின்ன டிரே குழியில போட்டாலும் தேங்குற உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா குழியோட மொத்த உயரமே ரெண்டு இன்ச்னா அதுல பாதி சேறா நிக்கும். சின்ன கப்புல தண்ணி ஜாஸ்தியாகுறது இவ்வளவு சுலபமா நடக்குறதுக்கு காரணம் இதுதான். அடியில ஜல்லி, ஓட்டுத் துண்டு போட்டா தண்ணி வடியும்னு காலங்காலமா சொல்றாங்க, அது உதவாது, தேங்குற தண்ணி ஜல்லிக்கு மேல போய் நிக்கும், வேருக்கு இன்னும் கிட்ட வந்துடும். கலவையவே பொலபொலன்னு ஆக்குறதுதான் வழி, அதுக்குத்தான் பெர்லைட்ங்கிற லேசான வெள்ளைக் குருணை.

இப்ப உப்பு பக்கம் வருவோம். தண்ணி ஜாஸ்தியும் உரம் சுடுறதும் சேர்ந்தே வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, இதை யாரும் அதிகம் பேசுறதில்லை. கடையில கிடைக்குற பல கரையுற உரத்துல நைட்ரஜன் பாதிக்கு மேல யூரியாவாவும் அம்மோனியமாவும் இருக்கும், பாக்கெட் பின்னாடி பிரிச்சுப் போட்டிருப்பாங்க, பாருங்க. யூரியா முதல்ல அம்மோனியமா மாறும், அம்மோனியத்தை நைட்ரேட்டா மாத்துறது கலவையில இருக்குற பாக்டீரியா. அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும், ஓரளவு சூடும் வேணும். தண்ணி தேங்கி, ரூமும் குளிர்ச்சியா இருந்தா அது வேலையே செய்யாது, அம்மோனியம் சேர்ந்துக்கிட்டே போய் இளம் வேரை சுட்டுடும். அதாவது அதே அளவு உரம் பொலபொலப்பான கலவையில ஒண்ணும் பண்ணாம இருந்திருக்கும், சேறா கிடந்த கப்புல சுட்டிருக்கும். அதனால நான் சரியான அளவுதானே கொடுத்தேன்னு யாராவது சொன்னா அது பொய்யா இருக்கணும்னு இல்ல.

இன்னொண்ணு, யூரியா தண்ணில கரைஞ்சாலும் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு பார்த்து உப்பு அளவைக் காட்டுற இசி மீட்டர்ல அது தெரியவே தெரியாது. கரைசல்ல ரீடிங் கம்மியாத்தானே இருக்குன்னு நம்பி ஊத்துவோம், அது கப்புக்குள்ள போய் அம்மோனியமா மாறின பிறகுதான் தன் வேலையைக் காட்டும். அதே மாதிரி குச்சியா குத்திப் பார்க்குற விலை கம்மியான ஈரப்பத மீட்டர் பலதும் நிஜத்துல கலவை எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னுதான் பார்க்குது, உப்பு ஜாஸ்தியா இருந்தா காஞ்ச கலவையிலயும் ஈரம்னு காட்டும். உரம் சுட்ட கப்புல அதை நம்பவே கூடாது, கை எடை போதும்.

அளவு பார்க்கணும்னா

இசி மீட்டர் வச்சிருக்கவங்க இப்படி செய்யலாம். கப்பை நல்லா நனைச்சு ஒரு மணி நேரம் வடிய விட்டு, மேல கொஞ்சமா சுத்தமான காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்தி, அடியில முதல்ல சொட்டுறதை மீட்டர் முனை நனையுற அளவு பிடிச்சுப் பாருங்க. ஏற்கனவே கனமா இருக்குற கப்புன்னா நனைக்குற வேலை வேண்டாம், மேல ஊத்துறது மட்டும் போதும். நாத்துக்கு 1 - 1.5 மில்லிசீமன்ஸுக்குள்ள இருந்தா கவலை இல்ல. 2-ஐத் தாண்டினா உப்பு பக்கம் சந்தேகப்படுவேன், 3-க்கு மேலன்னா அதுதான் காரணம்னு எடுத்துக்குவேன். பிபிஎம்ல (பத்து லட்சத்துல எத்தனை பங்கு) காட்டுற மீட்டர்னா ஒரு குழப்பம் இருக்கு, 1 மில்லிசீமன்ஸை சில மீட்டர் 500-னு காட்டும், சிலது 700-னு காட்டும். அடுத்தவங்க சொன்ன பிபிஎம் நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க, இசி-யிலயே பேசுறது நல்லது. பிஹெச், அதாவது புளிப்புத் தன்மை, பார்த்தா கோகோபீட் மாதிரி மண்ணில்லா கலவைக்கு 5.5-லேர்ந்து 6.5 வரைக்கும் பரவாயில்ல, மீட்டரை 4, 7 பஃபர் கரைசல்ல சரி பார்த்துட்டு அப்புறம் நம்புங்க.

மீட்டர் இல்லைன்னாலும் பரவாயில்ல, உரம் எவ்வளவு போச்சுன்னு கணக்கு போட்டே பார்க்கலாம். 19:19:19 உரம்னா நூத்துக்கு 19 பங்கு நைட்ரஜன். ஒரு லிட்டர்ல 1 கிராம் கரைச்சா 190 பிபிஎம் நைட்ரஜன். முதல் நிஜ இலை விட்ட நாத்துக்கு 50 பிபிஎம் போதும், அதாவது லிட்டருக்கு கால் கிராம்தான். ஒரு ஸ்பூன் போட்டேன்னு சொல்றவங்க கிட்டத்தட்ட 5 கிராம் போட்டிருப்பாங்க, அது 950 பிபிஎம், நாத்துக்கு வேண்டியதை விட 19 மடங்கு. கால் கிராம் எடை போட வசதி இல்லைன்னா 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு வச்சுக்கிட்டு, அதுலேர்ந்து 50 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினா கணக்கு சரியா வந்துடும்.

உரமே ஊத்தலையே, எப்படி சுட்டுச்சுன்னு கேக்குறவங்க கலவையைப் பாருங்க. மண்புழு உரம் பாதிக்குப் பாதி போட்டாலே நாத்துக்கு உப்பு ஜாஸ்தி. கழுவாத கோகோபீட்ல சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். மெதுவா கரையுற உருண்டை உரம் கலந்த ரெடிமேட் மிக்ஸும் உண்டு, அந்த உருண்டை சூட்டைப் பொறுத்து கரையுறதால அடியில சூடு கொடுக்குற ஹீட் மேட் மேல வச்சா சீக்கிரமே கொட்டிடும். சாஃப்ட்னர் போட்ட தண்ணியும் வேண்டாம், அதுல கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விட்டிருப்பாங்க.

இப்ப வைத்தியம்

வேர் வெள்ளையா இருக்கு, கப்பு கனமா இருக்கு, நுனி மட்டும் லேசா கருகியிருக்குன்னா அலச வேண்டாம். தேங்கின தண்ணியை மட்டும் வெளிய எடுங்க. கப்பை 45 டிகிரி சாய்ச்சு கொஞ்ச நேரம் வச்சாலே அடியில நின்ன தண்ணி இன்னும் கொஞ்சம் வடியும், சாய்க்கும்போது கப்போட உயரம் கூடுற மாதிரி ஆகுறதால தேங்குற இடம் மூலைக்கு ஒதுங்கிடும். அப்புறம் மடிச்ச பழைய துணி மேலயோ நியூஸ்பேப்பர் அடுக்கு மேலயோ, ஓட்டை நல்லா தொடுற மாதிரி வைங்க, நனைஞ்சா மாத்துங்க. தண்ணியோட உப்பும் கொஞ்சம் அதுல வந்துடும், வெறுமனே காய விடுறதுல இந்த லாபம் கிடையாது, அதனாலதான் காய வைக்கிறதை விட உறிஞ்ச வைக்கிறது மேல்னு சொல்றேன். மூடி போட்டு வச்சிருந்தா கழட்டுங்க, சின்ன ஃபேனை செடி மேல நேரா அடிக்காம பக்கவாட்டுல காத்து நகர்ற மாதிரி வைங்க. கப்பு லேசானதும், ஆனா எலும்பா காய்ஞ்சு கப்பு ஓரத்துலேர்ந்து கலவை விலகுறதுக்கு முன்னாடி, உரம் இல்லாத வெறும் தண்ணியை அடியில நல்லா வடியுற வரைக்கும் ஊத்துங்க.

வேர் வெள்ளைதான், ஆனா வெள்ளைப் படிவு நிறைய இருக்கு, கருகல் நாளுக்கு நாள் உள்ள வருதுன்னா அலசித்தான் ஆகணும். மேல படிஞ்ச உப்பை முதல்ல அரை இன்ச் சுரண்டி எடுத்துடுங்க, இல்லைன்னா ஊத்துற தண்ணி அதையும் கரைச்சு வேருக்குக் கொண்டு போகும். ரூம் சூட்டுல இருக்குற வெறும் தண்ணி, கப்பு கொள்ளளவு போல ரெண்டு மூணு மடங்கு, ஒரே அடியா கொட்டாம கொஞ்சம் ஊத்தி வடிய விட்டு மறுபடி ஊத்தணும். அடியில வந்த தண்ணி தட்டுல நிக்கக்கூடாது. முடிஞ்ச கையோட அதே சாய்க்குற, உறிஞ்ச வைக்குற வேலையைச் செய்யுங்க, இதை விட்டுட்டாத்தான் அலசின செடி அழுகுது. அலசுறது ஒரு தடவைதான், திருப்பித் திருப்பி அலசாதீங்க. நல்லா அலசின கலவையில சத்து எதுவுமே மிச்சம் இருக்காது, அதனால அடுத்து கப்பு லேசானதும் மேல சொன்ன 50 பிபிஎம் கரைசலை ஒரு தடவை கொடுக்கலாம், புது துளிர் பச்சையா இருந்தா மட்டும்.

வேர் பழுப்பாகி வாடை அடிக்குது, உப்பும் ஜாஸ்தின்னா காய விடுறது, அலசுறது ரெண்டுக்குமே நேரம் இல்ல, கலவையை மாத்தணும். என்னைக் கேட்டா ரெண்டு பிரச்சினையும் சேர்ந்து முத்திப் போன நாத்துக்கு இது ஒண்ணுதான் உருப்படியான வழி, தயங்கித் தயங்கி மூணு நாள் ஓட்டுறதுக்குள்ள மிச்சம் இருக்குற வேரும் போயிடும். கழுவின கோகோபீட் ரெண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, வேற எதுவும் வேண்டாம், மண்புழு உரம் ஒரு பிடி கூட வேண்டாம். கையில பிடிச்சு இறுக்கிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வர்ற அளவு ஈரம். கப்பு சின்னதா இருக்கட்டும், பாவம் செடின்னு பெரிய தொட்டியில வச்சா அந்தக் குட்டி வேரால அவ்வளவு தண்ணியையும் குடிக்க முடியாது, மறுபடி அதே கதைதான். பழைய கலவையை உதிர்ற அளவுக்கு மட்டும் உதிருங்க, ஒட்டினதைப் பிச்சு எடுக்காதீங்க. வழுக்குற வேரை சுத்தமான கத்தரிக்கோலால வெட்டி விடுங்க. நாத்தை எப்பவும் இலையைப் பிடிச்சுத் தூக்குங்க, இலை போனா வேற இலை வரும், தண்டு நசுங்கினா வராது. தக்காளியா இருந்தா முதல் ரெட்டை இலைக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் புதைச்சு வைங்க, தண்டுலேர்ந்தே புது வேர் விடும், அதான் தக்காளியோட பெரிய பலம். மிளகாய்க்கு அந்த அளவு சாமர்த்தியம் கிடையாது, முன்னாடி இருந்த ஆழத்துலயே வைங்க. நட்டதும் தண்டைச் சுத்தி கொஞ்சமா தண்ணி விட்டு கலவையை வேரோட ஒட்ட வச்சா போதும்.

வேரைக் குறைச்சிட்டோம், அதனால இலை இழக்குற தண்ணியையும் குறைக்கணும். லைட்டை பாதியா டிம் பண்ணுங்க, இல்ல உயரத்தை ஏத்துங்க. மீட்டர்ல வெளிச்சத்தை அளந்து பார்க்குறவங்கன்னா நாத்துக்கு வழக்கமா 200 - 300 மைக்ரோமோல் (வெளிச்ச அளவு) கொடுப்போம், தேறுற வரைக்கும் 100 - 150 போதும். ரெண்டு நாள் காத்து போற மாதிரி தளர்வா மூடி வைக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். கலவை சூடு 21-லேர்ந்து 25 டிகிரி இருந்தா புது வேர் சீக்கிரம் வரும், குளிர்ந்த தரை மேல நேரா வச்சிருந்தா கீழ ஒரு பலகையாவது போடுங்க. லைட்டை 14 - 16 மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, முக்கியமா தக்காளிக்கு 24 மணி நேரமும் லைட் எரிஞ்சா அதுவே இலையை வெளுத்துப் போக வைக்கும், அப்புறம் எது எதனாலன்னே தெரியாது.

தண்டு மண்ணைத் தொடுற இடத்துல தண்ணி கோத்த மாதிரி ஆகி, நூலா இளைச்சு, செடி படுத்துடுச்சுன்னா அது நாத்து அழுகல் நோய். அந்த நாத்தைக் காப்பாத்த மருந்து கிடையாது. கலவையோட அப்படியே எடுத்துப் போட்டுடுங்க, அதே டிரேயில பக்கத்துல இருக்குற நல்ல நாத்தை தள்ளி வைங்க, அந்தத் தட்டுத் தண்ணியை மத்ததுக்கு ஊத்தாதீங்க. தக்காளி மட்டும் மேல் பாதி இன்னும் நல்லா இருந்தா நல்ல இடத்துல வெட்டி, சுத்தமான தண்ணில நிறுத்திப் பார்க்கலாம், வேர் விட வாய்ப்பு இருக்கு.

செய்யக்கூடாதது

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தினா வேருக்கு ஆக்சிஜன் கிடைக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க. நுரைக்கும், கொஞ்ச நேரத்துல தீர்ந்துடும், தேங்கின தண்ணி அப்படியே இருக்கும், போற போக்குல நல்ல பாக்டீரியாவையும் இளம் வேரையும் சேர்த்து சுட்டுட்டுப் போகும். எப்சம் சால்ட்டும் உப்புதான், சுட்ட செடிக்கு அது வேண்டாம். இலை மேல உரம் தெளிக்கிறதும் வேண்டாம். கருகின நுனியை அழகுக்காக வெட்டாதீங்க, பாதி பச்சை இருக்குற இலை இன்னும் சாப்பாடு செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, நாத்துக்கு இருக்குறதே நாலு இலை. எல்லாத்தையும் விட முக்கியம், ஒரே நாள்ல கலவை, தண்ணி, லைட், உரம்னு எல்லாத்தையும் மாத்திட்டு மறுநாள் மறுபடி மாத்தாதீங்க. மேல சொன்னதுல உங்க வேருக்கு எது பொருந்துதோ அந்த ஒண்ணைச் செஞ்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு இருங்க.

கருகின இலை திரும்ப பச்சையாகாது, அதைப் பார்த்து பார்த்து வருத்தப்படாதீங்க. நடுக்குருத்தைப் பாருங்க. முதல்ல சில நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்ப வேர் வேலை செய்யுது. புது இலை சுருக்கம் இல்லாம, நுனி சுத்தமா வந்துச்சுன்னா தேறிடுச்சுன்னு அர்த்தம். கப்பு முன்னை விட சீக்கிரமா லேசாகுதுன்னா இன்னும் நல்ல அறிகுறி, வேர் குடிக்க ஆரம்பிச்சிடுச்சு. விதையோட வந்த முதல் ரெட்டை இலை மஞ்சளாகி உதிர்ந்தா விடுங்க, நிஜ இலை நாலு அஞ்சு வந்த பிறகு அது போறது இயற்கைதான்.

கலவை மேல சின்ன கருப்பு ஈ பறந்தா அதுவும் ஈரம் ஜாஸ்தியானதோட விளைவுதான். ஈ ஒண்ணும் பண்ணாது, அதோட புழுதான் வேர் முடியைத் தின்னும். மஞ்சள் ஒட்டு அட்டை ஈயைப் பிடிக்கும், புழுவுக்கு பிடிஐ பாக்டீரியா பவுடரைத் தண்ணில கலந்து ஊத்தலாம். முட்டையிலேர்ந்து ஈயா வர மூணு நாலு வாரம் ஆகுறதால ஒரு தடவையோட நிறுத்திடாதீங்க, அந்த மூணு நாலு வாரமும் வாராவாரம் வழக்கமா தண்ணி ஊத்துற அன்னைக்கே கலந்து கொடுங்க, இதுக்குன்னு தனியா நனைக்காதீங்க.

தேறின பிறகு தண்ணி ஊத்துற பழக்கம் மாறணும். தண்ணி ஜாஸ்திங்கிறது ஒரு தடவை நிறைய ஊத்துறது இல்ல, அடிக்கடி ஊத்துறது. தினமும் ரெண்டு ஸ்பூன் தெளிக்கிறவங்க செடிதான் மேல ஈரமா, அடியில உப்பா நிக்கும். ஊத்துனா அடியில கொஞ்சம் வெளிய வர்ற அளவு ஊத்துங்க, ஊத்தினதுல பத்துல ஒரு பங்கு வடிஞ்சா போதும், அதைக் கொட்டிடுங்க, அப்புறம் கப்பு லேசாகுற வரைக்கும் தொடாதீங்க. தட்டுல தண்ணி வச்சு அடியிலேர்ந்து உறிஞ்ச விடுறவங்க, தண்ணி மேல ஏறி ஆவியாகும்போது உப்பு மேல தங்கிடும், அதனால மூணு தடவைக்கு ஒரு தடவையாவது மேலேர்ந்து வெறும் தண்ணி ஊத்தி வடிய விடுங்க. உரத்தை, ரெண்டு தடவை வெறும் தண்ணி ஊத்தினா ஒரு தடவைன்னு 50 பிபிஎம்ல ஆரம்பிச்சு, புது இலை ரெண்டு ஜோடி சுத்தமா வந்த பிறகு 100-க்கு ஏத்தலாம். வேர் அடி ஓட்டையில வெள்ளையா எட்டிப் பார்க்குறப்ப அடுத்த சைஸ் கப்புக்கு மாத்துங்க, ஒரேயடியா பெரிய தொட்டிக்கு வேண்டாம்.